பிள்ளை விளையாடினால் படிப்பு கெடுமா? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளின் ஓட்டம், ஆட்டம், படிப்பு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். நிறையக் கடிதங்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகன் தரம் 4. அடுத்த வருடம் ஸ்கொலசிப், அதுதான் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் ரியூசன், ஆறு மணிக்கு வீடு, பிறகு திரும்பவும் படிப்பு. சனி, ஞாயிறும் வகுப்பு. இவ்வளவு செய்தும் புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடத்தில் கதிரையில் நெளியத் தொடங்கிவிடுகிறான். ஒழுங்கையில் பெடியள் கிரிக்கெட் அடிக்கிற சத்தம் கேட்டால் அவ்வளவுதான். பரீட்சை முடியும்வரை விளையாட்டை முற்றாக நிறுத்தச் சொல்கிறார் கணவர். நிறுத்தலாமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: நிறுத்தாதீர்கள். நெளிகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு அந்த நெளிவுக்கு மருந்தையும் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் கவனம் பெரியவர்களின் கவனம்போல் இருக்காது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதிதான் கவனத்தைப் பிடித்துவைப்பது, அவசரத்தை அடக்குவது, திட்டம் போடுவது எல்லாம். அது முற்றி முடிய இருபது வயது தாண்டும். அதுவரை அதற்குப் பழக்கம் வேண்டும், அந்தப் பழக்கத்தில் ஒரு பங்கு உடம்பு வழியாகவும் நடக்கிறது.

கிளித்தட்டு விளையாட்டை எடுங்கள். கோட்டில் நிற்கிறவன் கையை விரித்துக்கொண்டு இடமும் வலமும் ஆடுகிறான். அவனைக் கடக்க வேண்டிய பிள்ளை இடப்பக்கம் போவதுபோல் உடம்பைச் சரித்துக் காட்டுகிறது, அவன் அந்தப் பக்கம் பாய்ந்த கணத்தில் வலப்பக்கத்தால் நழுவுகிறது. நழுவும்போதே பின்னால் கிளி, அதாவது கோடு வழியே ஓடித் தொட வருகிறவன், எந்தக் கோட்டில் வருகிறது, தன் கட்சியில் யார் யார் எந்தப் பெட்டிக்குள் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். கால் ஓடு ஓடு என்று துடிக்கும், ஆனால் இப்போது ஓடினால் கிளி தொட்டுவிடும், ஆகவே நிற்க வேண்டும். நினைவில் வைத்திருப்பது, துடிப்பை அடக்குவது, நிலைமை மாறினால் திட்டத்தை மாற்றுவது ஆகிய மூன்றும் இங்கே ஒரே நேரத்தில் நடக்கின்றன. நீளமான ஒரு கணக்கை வாசித்து, முதல் வரியிலேயே விடையை எழுதிவிடாமல் கடைசிவரை போய், கேட்டதற்கு மட்டும் விடை எழுதவும் இதே மூன்றும்தான் வேண்டும். உங்கள் மகனுக்குப் பாடம் தெரியாமல் இருப்பதைவிட இவை களைத்துப்போயிருப்பதுதான் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஹில்மன் என்பவர் குழுவாக இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். 2009 இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேரை ஒருநாள் 20 நிமிடம் நடக்கவிட்டார்கள், இன்னொரு நாள் அதே நேரம் சும்மா இருத்தினார்கள். பிறகு, வரிசையில் நடுவில் இருப்பதை மட்டும் கவனித்துப் பக்கத்தில் இருப்பவற்றைப் புறக்கணிக்கிற ஒரு சோதனை. நடந்த நாளில் பிழை குறைவு, வாசித்து விளங்கிக்கொள்வதும் மேல். அதன் பிறகு 2014 இல், ஏழு முதல் ஒன்பது வயதுவரையான 221 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பள்ளி விட்ட பிறகு ஒன்பது மாதம் ஓடியாட வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் கவனக் கட்டுப்பாடு மற்றப் பகுதியினரைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்ன அளவு, 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. ஒரே மூச்சில் வேண்டியதில்லை, பள்ளியில் இடைவேளையில் ஓடுவதும் கணக்கில் சேரும். ஆகவே, கிழமை நாட்களில் ஒரு ரியூசனை வெட்டுங்கள். எதை வெட்டலாம் என்று மகனிடம் மட்டும் கேட்காதீர்கள், எல்லாவற்றையும் சொல்வான். ஐந்து மணிக்கு ஒழுங்கைக்கு விட்டு, ஆறு மணிக்குக் கூப்பிட்டுக் குளிக்கவைத்துப் பிறகு புத்தகத்தைத் திறவுங்கள். வகுப்புக்குச் சைக்கிளில் போகிற தூரம் என்றால் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவதையும் விடுங்கள்.

இன்னொன்று. உடனே போய் ஒரு கிரிக்கெட் பயிற்சி வகுப்பில் சேர்த்து, அதற்கும் நேர அட்டவணை போட்டு, அதிலும் முதலாவதாக வா என்று நின்றுவிடாதீர்கள். அதுவும் ஒரு ரியூசன்தான்.

கேள்வி: நாங்கள் சின்ன வயதில் மார்கழி, தை முழுக்கப் பட்டத்தோடுதான். வீட்டுக்கே வருவதில்லை. எனக்கு மூளை வளரவில்லையே, ஓ.எல். பரீட்சையில் மூன்று பாடம்தான் பாஸ். விளையாடினால் கெட்டிக்காரன் ஆகலாம் என்று எழுதுகிற நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாத்தா, வல்வெட்டித்துறை

பதில்: ஐயா, நல்ல அடி. விளையாடினால் மார்க்ஸ் வரும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்பாதீர்கள். நல்ல உடற்தகுதி உள்ள ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதி சற்றுப் பெரிதாக இருந்தது என்று 2010 இல் ஒரு ஆய்வு வந்தது. பார்த்தது 49 பிள்ளைகளை. ஓடியதால் அது பெருத்ததா, நல்ல சாப்பாடும் நல்ல வீடும் கிடைத்த பிள்ளைகள் ஓடவும் செய்தார்களா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மறுபக்கம் கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010 இல் 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பள்ளியில் உடற்பயிற்சிக்கு நேரம் கொடுத்ததால் படிப்புக் கெட்டதாகக் காட்டியவை மிக அரிது. பாதியளவு நல்ல பக்கமாகவே இருந்தன, மிச்சத்தில் வித்தியாசம் இல்லை. படிப்பை விளையாட்டு தின்றுவிடும் என்ற பயத்துக்குத்தான் ஆதாரம் இல்லை.

அப்புறம், பட்டத்துக்கு முச்சைக் கயிறு கட்டும்போது சரிவு பிசகினால் பட்டம் குத்தும் என்றும், பட்டத்தில் பூட்டுகிற விண் காற்றில் கூவ நார் எவ்வளவு இழுபட வேண்டும் என்றும், வாடைக்காற்றுக்கு வால் எவ்வளவு நீளம் என்றும் உங்கள் கை அறிந்திருந்ததே, அதற்கு ஓ.எல். இல் பாடம் இல்லை. குற்றம் உங்கள் மூளையிலா என்று யோசியுங்கள்.

கேள்வி: பேத்திக்கு 14 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தனியே நடக்கவில்லை. தவழவும் இல்லை, இருந்தபடியே அரக்கி அரக்கித்தான் போவாள். தவழாத பிள்ளைக்குப் படிப்பு வராது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கனடாவில் உள்ள மகன் காசு அனுப்பி வோக்கர் வாங்கச் சொல்கிறான். வாங்கட்டா?
– ஒரு அம்மம்மா, மானிப்பாய்

பதில்: அம்மா, முதலில் வோக்கர். மகன் இருக்கிற கனடாவிலேயே 2004 இலிருந்து அதை விற்கவும் இறக்கவும் தடை. சில்லுப் பூட்டின அந்தக் கதிரைக்குள் இருத்தினால் பிள்ளை கால் நுனியால் உந்தி ஓடுமே தவிர, தன் பாரத்தைத் தானே தாங்கி நடக்கப் பழகாது. நடை பிந்தவும் கூடும். படியில் உருண்டு தலை அடிபட்ட பிள்ளைகள் ஏராளம். பழைய மர நடைவண்டி வேறு விஷயம், அதைப் பிள்ளை தானே நின்று தள்ளுகிறது. இருந்தால் எடுத்துக் கொடுங்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

பக்கத்து வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள். இந்தியா, கானா, ஓமான், நோர்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளில் சுகமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. தனியே நடந்த வயது 8.2 மாதத்தில் இருந்து 17.6 மாதம்வரை பரந்திருந்தது. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்து வரும் வருகை என்று நம் புலவர்கள் வைத்த கணக்கும் பெரிதாகப் பிசகவில்லை, ஆனால் அவர்கள் பாடியது தெய்வத்தையும் அரசரையும். உங்கள் பேத்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பிள்ளை நகரத் தொடங்கினால் காலோடு சேர்ந்து அறிவும் மாறுகிறது. எட்டிப்பிடிக்க முடியாத பொருளிடம் தானே போய்ச் சேரும்போதுதான் தூரம், உயரம், ஆழம் எல்லாம் விளங்கத் தொடங்குகின்றன. உயரத்தைக் கண்டு பின்வாங்குகிற பயமே பெரும்பாலும் தவழ்ந்து திரிந்த அனுபவத்தோடுதான் வருகிறது. நடை பழகுகிற பிள்ளைகளை அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தபோது மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்தார்கள், 17 தடவை விழுந்தார்கள். ஆகவே விழட்டும். விறாந்தைப் படியை மட்டும் மறித்துவிட்டு, பாயைத் தரையில் போட்டு, வெறுங்காலோடு விடுங்கள். பதினெட்டு மாதமாகியும் தனியே நடக்காவிட்டால், அல்லது செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டால், அல்லது ஒரு பக்கக் கையையும் காலையும் மட்டும் பாவித்தால் காத்திருக்காதீர்கள். சிறுவர் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகள் தரம் 2. எழுத்து கோணல் மாணல், இரண்டு வரி எழுதினால் கை நோகுது என்கிறாள். ஆசிரியை தினமும் ஒரு பக்கம் கொப்பி எழுதச் சொல்கிறார். எழுத வைத்தால் அழுகை. என்ன செய்வது?
– ஒரு தந்தை, சாவகச்சேரி

பதில்: கொப்பியைக் குறையுங்கள், கையைக் கூட்டுங்கள். எழுத்து விரலில் தொடங்குவதில்லை. முதுகு நேராக நிற்க வேண்டும், தோள் ஆடாமல் இருக்க வேண்டும், மணிக்கட்டு பாரம் தாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விரல். மரம் ஏறாத, கயிற்றில் தொங்காத, வாளி தூக்காத பிள்ளைக்குத் தோளில் பலம் குறைவாக இருக்கலாம். அந்தப் பலவீனத்தை விரலால் ஈடுகட்டப் பென்சிலை நெரித்துப் பிடிக்கிறது, அதனால் நோகிறது.

வீட்டில் பழைய கொக்கான் கற்கள் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் ஐந்து சிறு கல் பொறுக்கிக் கழுவுங்கள். ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருமுன் தரையில் கிடப்பதை அள்ளி, அதே கையில் இறங்குகிற கல்லையும் ஏந்த வேண்டும். கண் மேலே, விரல் கீழே. அள்ளின கல்லை உள்ளங்கையில் சின்ன விரலால் பூட்டி வைத்துக்கொண்டு பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் வேலை செய்கிறதே, பென்சில் பிடிக்கிற கைக்கு வேண்டிய வேலைப் பிரிவு அதுதான். அம்மம்மா வீட்டில் இருந்தால் பழக்கச் சொல்லுங்கள், அவருக்கும் சந்தோசம். முருங்கை இலை ஆய்வது, பூக் கட்டுவது, இடியப்பத்துக்கு மாக் குழைப்பது, முற்றத்தில் கோலம் போடுவது எல்லாம் சேரும். பின்னேரம் கொய்யாவிலோ மாமரத்தின் தாழ்ந்த கொப்பிலோ ஏறட்டும், நீங்கள் கீழே நில்லுங்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் மாற்றம் இல்லையென்றால், கூடவே பட்டன் பூட்டுவது, பந்து பிடிப்பது, சைக்கிள் ஓடுவது எல்லாவற்றிலும் மற்றப் பிள்ளைகளைவிட மிகவும் பின்னுக்கு நிற்கிறாள் என்றால் சிறுபிள்ளை மருத்துவரிடம் காட்டுங்கள். இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பிள்ளைகளுக்கு. புத்தி குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை, சோம்பலும் இல்லை. தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் நல்ல வழி காட்டுவார். கேட்காமலே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எல்லாப் பெற்றோருக்கும்: மூன்று, நான்கு வயதுப் பிள்ளை, அதுவும் ஆண்பிள்ளை, தரையில் இருந்து எழும்பும்போது தன் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்கிறது என்றால் அது தசைநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம்.

கேள்வி: கராட்டி, நீச்சல், செஸ். மூன்றில் எது மூளைக்கு நல்லது?
– ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: பிள்ளை நீங்கள் துரத்தாமலே போகிறது எதுவோ, அது. செஸ் நல்ல விளையாட்டு, ஆனால் இருந்தபடி விளையாடுவது, மேலே சொன்ன 60 நிமிடத்தில் சேராது. கடலும் கிணறும் உள்ள ஊர் என்பதால் நீச்சல் எதற்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: எங்களுக்கு வளவே இல்லை, மதிலோடு மதிலாக வீடு. நான்கு வயது மகனுக்குப் போன் கொடுத்தால்தான் சோறு இறங்கும். பார்க்கிறதெல்லாம் ஆங்கிலப் பாட்டும் எழுத்தும்தான், நல்லது பழகுகிறான்தானே?
– ஒரு தாய், நல்லூர்

பதில்: எழுத்து பழகுவான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கால், கை, கழுத்து எதுவும் பழகாது. மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் திரை அதிகபட்சம் ஒரு மணித்தியாலம், அசைவு மூன்று மணித்தியாலம், அதில் ஒன்றாவது துள்ளி ஓடுகிற அசைவு, தூக்கம் 10 முதல் 13 மணித்தியாலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வரையறுத்தது. மூன்று மணித்தியாலமா என்று பயப்படாதீர்கள். வாளியில் தண்ணீர் அள்ளிச் செடிக்கு ஊற்றுவதும், விறாந்தைத் தூணைச் சுற்றி ஓடுவதும், சந்தைக்கு உங்களோடு நடந்து வருவதும் அதற்குள்தான். நல்லூரில் இருக்கிறீர்கள், பின்னேரம் கோயில் வீதி மணலில் விட்டுவிட்டு நீங்களும் ஒரு பக்கமாக இருந்து இளைப்பாறலாம். மணலில் ஓடுவது தரையில் ஓடுவதைவிடக் கடினம், கணுக்காலுக்கும் சமநிலைக்கும் நல்ல வேலை.

வெளி வெளிச்சத்துக்குக் கண்ணோடும் கணக்கு இருக்கிறது. சீனாவின் குவாங்சூ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 வீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, விடாத பள்ளிகளில் 39.5 வீதம். சோறு விஷயத்துக்கு ஒன்றுதான் வழி. ஓடிவிட்டு வந்தால் பசிக்கும். முதல் நாலு நாள் சத்தம் போடுவான், பொறுங்கள்.

கேள்வி: எனக்கு 13 வயது. பள்ளியில் வலைப்பந்து அணியில் இருக்கிறேன். சாமத்தியவீடு முடிந்ததில் இருந்து அம்மா இனி விளையாட்டு வேண்டாம், படிப்பைப் பார் என்கிறார். பெரியம்மாவும் அப்படித்தான். எனக்கு விட மனமில்லை.
– ஒரு மாணவி, பருத்தித்துறை

பதில்: பிள்ளை, விடாதே. இந்தப் பக்கத்தை அம்மாவிடம் கொடு, மிச்சத்தை அவருக்குச் சொல்கிறேன்.

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. பின்னேரம் பிந்தி வருவது, ஊர் வாய், வெயிலில் கறுப்பது. இதில் முதலாவது மட்டும்தான் உண்மையான கவலை, அதற்கு வழி செய்யலாம்: பயிற்சி முடியும் நேரத்தை ஆசிரியையிடம் கேளுங்கள், இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து வரட்டும். மற்ற இரண்டுக்காகவும் விளையாட்டை நிறுத்துவது நியாயம் இல்லை. எலும்பு பலமாகக் கட்டப்படுவதே இந்த வயதில்தான். துள்ளுகிற, ஓடுகிற விளையாட்டுத்தான் அதற்கு உரம், அறுபது வயதில் இடுப்பு எலும்பு முறியாமல் இருப்பதற்கு இப்போதே சேமிக்க வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நாட்களில் விளையாடினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பலருக்கு வயிற்று நோ குறைகிறது. அளவுக்கு மீறிக் களைத்தால் மட்டும் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள். 2016 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகத்தில் 11 முதல் 17 வயதுவரையான பெண்பிள்ளைகளில் 85 வீதம் பேர் போதிய அளவு அசைவதில்லை, ஆண்பிள்ளைகளில் 78 வீதம். பெடியள் நல்லாகச் செய்கிறார்கள் என்றில்லை, பெட்டையளை நாங்கள்தான் வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். படிப்பு எப்படியென்று நீங்கள் எழுதவில்லை, மகளும் எழுதவில்லை. அது குறைந்திருந்தால் விளையாட்டைச் சாட்டாமல் போனையும் தூக்கத்தையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). ஓடினால் இழுக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். மறிக்கவா?
– ஒரு தந்தை, ஊர்காவற்றுறை

பதில்: மறிக்க வேண்டாம், முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஓடினால் இழுக்கிறது என்றால் தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள், மருந்தைச் சரிசெய்ய வேண்டும். கட்டுப்பாட்டில் இருக்கிற பிள்ளை எல்லோரையும்போல ஓடலாம். ஓடுமுன் மூச்சுக்கு மருந்து இழுக்கிற பம்ப் எடுக்க வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார். எடுத்த எடுப்பில் பாயாமல் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கட்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் புழுதி கிளம்புகிற மைதானம் என்றால் தண்ணீர் தெளித்த பிறகு, வெயில் தாழ, நான்கு மணிக்கு மேல். அந்தப் பம்பைச் சைக்கிள் கூடையில் உள்ள பைக்குள் வைக்க வேண்டாம், வெயிலில் கொதிக்கும். விளையாட்டு ஆசிரியரின் கையில் கொடுத்து, எப்படி அமுக்குவது என்று அவருக்கும் ஒருக்கால் காட்டிவிட்டு வாருங்கள்.